நேரமா, துளையா, கெயினா, புரொஜெக்டரா? முப்பரிமாணக் கேமராவின் அமைப்புகளைத் தேர்ந்தெடுக்க ஓர் ஒப்பீடு

தொட்டியில் குவிந்து கிடக்கும் உதிரிபாகங்களை ரோபோ ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க வேண்டும். மேலே முப்பரிமாணக் கேமராவைப் பொருத்தியாகிவிட்டது, அளவுத்திருத்தமும் (காலிபிரேஷன்) முடிந்துவிட்டது. முதல் படத்தை எடுத்துப் பார்த்தால் புள்ளித்திரளில், அதாவது கேமரா அளந்து தரும் முப்பரிமாணப் புள்ளிகளின் தொகுப்பில், ஆங்காங்கே ஓட்டைகள். வழவழப்பான உலோகப் பரப்பு அலை அலையாக மேடு பள்ளம் காட்டுகிறது. கறுப்பு ரப்பர் வளையம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. "இந்தக் கேமரா இந்த வேலைக்கு ஆகாது" என்று பலர் முடிவு கட்டுவது இந்தக் கட்டத்தில்தான். பெரும்பாலும் அது அவசர முடிவு. வெளிச்சம் எந்த வழியாகக் கேமராவுக்குப் போய்ச் சேர்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வழிகள் நான்கு. சென்சார் ஒளியைச் சேர்க்கும் எக்ஸ்போஷர் நேரத்தை நீட்டலாம். லென்ஸின் துளையைப் பெரிதாக்கலாம். கெயினைக் கூட்டிச் சிக்னலைப் பெருக்கலாம். புரொஜெக்டரின் பிரகாசத்தை உயர்த்தலாம். நேரத்தை இரட்டிப்பாக்குவது, துளையை எஃப் 4-லிருந்து எஃப் 2.8-க்குத் திறப்பது (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது), கெயினை 6 டெசிபல் கூட்டுவது, புரொஜெக்டரை இரண்டு மடங்கு பிரகாசமாக்குவது ஆகிய நான்கும் திரையில் ஏறக்குறைய ஒரே படத்தைத்தான் காட்டும். அதனாலேயே கைக்கு முதலில் அகப்பட்டதைத் திருகிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். ஆனால் ஒவ்வொரு வழியும் நம்மிடம் கேட்கும் விலை வேறு. நம்முடைய வேலை எந்த விலையைத் தாங்கும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கே நான் முதன்மையாக மனதில் வைத்திருப்பது கோட்டொளிக் கேமராக்களை. புரொஜெக்டர் அடுத்தடுத்துக் கோட்டு வடிவங்களை வீசுகிறது. கேமரா ஒவ்வொன்றையும் படமெடுக்கிறது. எந்தப் பிக்சல் எந்தக் கோட்டைப் பார்க்கிறது என்பது தெரிந்தால், கேமரா, புரொஜெக்டர், பொருள் மூன்றும் அமைக்கும் முக்கோணத்தின் கணக்கில் தூரம் கிடைத்துவிடும்.

பார்க்க வேண்டியது அழகான படத்தை அல்ல

சாதாரணப் புகைப்படத்தில் பொருள் தெளிவாகத் தெரிந்தால் போதும். இங்கே கணக்கு வேறு. ஒரு பிக்சலில் கோடு வெளிச்சமாக விழும்போதும் இருளாக விழும்போதும் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது, அந்த வேறுபாட்டோடு ஒப்பிட்டால் இரைச்சல் எவ்வளவு என்பதுதான் கேள்வி. சைன் அலை வடிவில் கோடுகளை நகர்த்தி அளக்கும் முறையில், தூர அளவில் வரும் பிழை இரைச்சலுக்கு நேர்விகிதத்திலும் இந்த வேறுபாட்டுக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். அறையின் விளக்கு ஒளி படத்தைப் பிரகாசமாக்கும். வேறுபாட்டைத் துளியும் கூட்டாது. ஆகவே, பிரகாசமான படம் நல்ல முப்பரிமாணத் தரவைத் தரும் என்று நம்பி ஹிஸ்டோகிராமை (படத்தின் பிரகாசப் பரவலைக் காட்டும் வரைபடத்தை) மட்டும் பார்த்து அமைப்புகளை முடிவு செய்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

ஒளி குறைந்தால் வேறுபாடு இரைச்சலில் மூழ்கிவிடும். ஒளி மிஞ்சினாலோ பிக்சல் நிரம்பிவிடும். சைன் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, கணக்கில் அலையின் கட்டம் (பிக்சல் அலையின் எந்த இடத்தைப் பார்க்கிறது என்பது) பிசகும். உலோகத்தின் மேல் தோன்றும் அந்த அலைகளுக்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஓட்டையைவிட இது ஆபத்தானது என்பேன். ஓட்டை இருந்தால் அங்கே தரவு இல்லை என்பதாவது தெரியும். பொய்யான மேட்டை உண்மை என்று நம்பி ரோபோ கையை நீட்டிவிடும்.

முதலில் புரொஜெக்டர்

நான்கில் கோடுகளின் ஒளியை மட்டும் கூட்டி, அறை ஒளியைக் கூட்டாமல் விடுவது புரொஜெக்டர் ஒன்றுதான். நேரத்தை நீட்டினாலும் துளையைத் திறந்தாலும் இரண்டும் சேர்ந்தே உள்ளே வரும். கெயின் இரண்டையும் சேர்த்தே பெருக்கும். அதனால் புரொஜெக்டரை முழுப் பிரகாசத்தில் வைத்துவிட்டு மற்றவற்றைச் சரிசெய்யத் தொடங்குவதே சரியான வரிசை. மேற்கூரைக் கண்ணாடி வழியே பகல் வெளிச்சம் இறங்கும் கூடங்களில் இந்த வரிசையை மீறவே கூடாது. நீல எல்.இ.டி. புரொஜெக்டரும், அந்த அலைநீளத்தை மட்டும் விடும் வடிகட்டியும் சேர்ந்தால் அறை ஒளியின் பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடும். செந்தணலாகக் கனலும் உலோகத்தை அளப்பவர்கள் நீல ஒளியை நாடுவதும் இதனால்தான்: கனலும் உலோகம் சிவப்பிலும் அகச்சிவப்பிலும் கொட்டும் ஒளியோடு ஒப்பிட்டால் நீலத்தில் அது தருவது மிகச் சொற்பம்.

இதற்கு விலை வெப்பம். எல்.இ.டி. சூடேறினால் அதைத் தாங்கும் உலோகச் சட்டமும் சிறிது விரியும்; கேமராவுக்கும் புரொஜெக்டருக்கும் இடையிலான கோணம் நுண்ணளவு மாறினாலும் தூர அளவு நகர்ந்துவிடும். உற்பத்தியின்போது எந்த வேகத்தில் படமெடுக்கப் போகிறோமோ, அதே வேகத்தில் கேமராவைச் சற்று நேரம் ஓடவிட்டு, வெப்பநிலை நிலைத்த பிறகு அளவுத்திருத்தத்தைச் சரிபார்ப்பது நல்ல பழக்கம். கண் பாதுகாப்பு வரம்பும் உண்டு. லேசர் ஒளிமூலம் என்றால் ஐ.இ.சி. 60825-1, எல்.இ.டி. என்றால் ஐ.இ.சி. 62471 என்ற தரநிலைகள் பொருந்தும். கேமராவோடு வரும் ஆவணத்தில் குறிப்பிட்ட வகையைப் படிக்காமல் ஆட்கள் நடமாடும் இடத்தில் பிரகாசத்தை உயர்த்த வேண்டாம்.

துளை: ஒருமுறை முடிவு செய்து, அப்படியே விடுங்கள்

துளையை ஒளிக்காகத் திருகுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. எவ்வளவு ஆழம் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்பதே துளையைத் தீர்மானிக்க வேண்டும். தொட்டியின் வாய் ஒரு தூரம், அடி வேறொரு தூரம்; இரண்டும் கூர்மையாக இருந்தாக வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 8 மில்லிமீட்டர் லென்ஸ், 3.45 மைக்ரான் பிக்சல், குவியம் 1 மீட்டரில். மங்கல் ஒரு பிக்சலுக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டால், எஃப் 2.8-இல் கூர்மையாகக் கிடைக்கும் ஆழம் ஏறக்குறைய 300 மில்லிமீட்டர், எஃப் 5.6-இல் 600. அதே தூரத்தில் 16 மில்லிமீட்டர் லென்ஸைப் போட்டால் எஃப் 2.8-இல் 75 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். 400 மில்லிமீட்டர் ஆழமுள்ள தொட்டிக்கு முதல் லென்ஸில் எஃப் 4 போதும். இரண்டாவது லென்ஸில் எஃப் 8-க்குப் போனாலும் பாதி ஆழம்தான் தேறும்.

சரி, துளையைச் சுருக்கிக்கொண்டே போனால் என்ன? ஒளி குறைவதோடு, ஒளியின் விளிம்பு விலகலும் (சிறு துளை வழியே போகும் ஒளி பரவுவது) குறுக்கே வரும். 450 நானோமீட்டர் நீல ஒளியில் ஒரு புள்ளி சென்சாரில் விழும் வட்டத்தின் விட்டம் எஃப் 2.8-இல் சுமார் 3 மைக்ரான், எஃப் 8-இல் கிட்டத்தட்ட 9 மைக்ரான். பிக்சல் 3.45 மைக்ரான் என்றால், எஃப் 8-இல் ஒவ்வொரு புள்ளியும் இரண்டரைப் பிக்சலுக்குப் பரவிவிடுகிறது. நுண்ணிய கோடுகளை வீசும் முறைகளில் இந்தப் பரவல் கோட்டு வேறுபாட்டை நேரடியாகக் குறைக்கும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: புரொஜெக்டருக்கும் ஒரு லென்ஸ் இருக்கிறது, அதற்கும் குவியம் இருக்கிறது. கேமராவின் துளையை எவ்வளவு சுருக்கினாலும், தொட்டியின் அடியில் மங்கலாக விழும் கோடு மங்கலாகத்தான் இருக்கும்.

கையால் திருகும் லென்ஸில் துளையை மாற்றினால் அளவுத்திருத்தத்தையும் மறுபடி சரிபார்த்தாக வேண்டும். ஆகவே தொடக்கத்திலேயே முடிவு செய்து, பூட்டுத் திருகை இறுக்கிவிடுவதே மேல்.

எக்ஸ்போஷர் நேரம்: அன்றாடம் திருப்ப வேண்டிய திருகு

புரொஜெக்டரும் துளையும் நிலைத்த பின் மிச்சத்தை நேரத்தால் ஈடுகட்ட வேண்டும். நேரத்தின் பெரிய பலம், அது உண்மையான ஒளியைச் சேர்ப்பது. ஒளி பட்டு உண்டாகும் எலெக்ட்ரான்களில் 2,500-ஐ ஒரு பிக்சல் சேர்த்தால் ஒளியின் இயல்பான ஏற்ற இறக்கமே அதன் வர்க்கமூலம், அதாவது 50. சிக்னலில் 2 சதவீதம். நேரத்தை நான்கு மடங்காக்கி 10,000 சேர்த்தால் இரைச்சல் 100; அது 1 சதவீதம்தான். நான்கு மடங்கு காத்திருந்தால் இரண்டு மடங்கு சுத்தம்.

விலையும் வெளிப்படையானது. 13 கோட்டு வடிவங்களை வீசும் கேமராவில் 10 மில்லிநொடி என்பது குறைந்தது 130 மில்லிநொடி. 40 மில்லிநொடி என்றால் அரை நொடிக்கு மேல். அந்த அரை நொடி முழுவதும் பொருளும் கேமராவும் அசையக் கூடாது. ரோபோவின் மணிக்கட்டில் கேமராவைப் பொருத்தியவர்கள், கை நின்ற பிறகும் சிறிது நேரம் அது அதிர்ந்துகொண்டிருக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விளக்குகளின் துடிப்பையும் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. எக்ஸ்போஷர் 7 மில்லிநொடி என்றால் ஒரு வடிவம் துடிப்பின் உச்சியிலும் அடுத்தது பள்ளத்திலும் படமாகும். கணக்கு இந்த வேறுபாட்டைக் கோட்டின் வேறுபாடு என்று எடுத்துக்கொண்டு அலைகளை உண்டாக்கும். 10, 20, 30, 40 என்று 10-இன் மடங்குகளில் வைத்தால் ஒவ்வொரு படமும் முழுத் துடிப்புகளையே சேர்க்கும். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் இது 8.33-இன் மடங்குகள். செலவே இல்லாத இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் வாரக்கணக்கில் அலைகளோடு போராடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது வருத்தமாக இருக்கிறது.

கெயின்: கடைசிப் புகலிடம்

கெயின் புதிய ஒளி எதையும் தருவதில்லை. சேர்ந்ததைப் பெருக்கும், அதிலுள்ள இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். அதைவிட மோசம், 12 டெசிபல் கூட்டினால் சென்சார் சேர்த்துவைக்கக்கூடிய எலெக்ட்ரான்களில் கால்வாசி வந்ததுமே எண் உச்சத்தைத் தொட்டுவிடும். 10,000 எலெக்ட்ரான் வரை தாங்கும் பிக்சல் 2,500-லேயே நிரம்பியதாகக் காட்டும். துல்லியம் பாதியாகிவிட்டது, படம் மட்டும் முன்போலவே அழகாக இருக்கிறது.

சுழற்சி நேரத்தில் ஒரு மில்லிநொடிகூட மிச்சமில்லை, புரொஜெக்டரும் உச்சத்தில் இருக்கிறது, பொருளோ கறுப்பு என்றால் மட்டும் கெயினைத் தொடலாம். துல்லியம் சற்றுக் குறைந்தாலும் பொருள் இருக்கும் இடம் தெரிந்தால் போதும் என்ற எடுத்து வைக்கும் வேலைகளுக்கு அது பொருந்தும். அளந்து தரம் பார்க்கும் வேலைக்குப் பொருந்தாது.

ஒரே படமா, பல படங்களா?

உண்மையில் கடினமான தேர்வு இதுதான். நான்கு திருகுகளையும் சரியாக வைத்தாலும், ஒரே காட்சியில் மின்னும் உலோகமும் கறுப்பு ரப்பரும் இருந்தால் என்ன செய்வது?

கடைந்தெடுத்த ஓர் அலுமினிய உருளையும் அதன் நடுவில் மாட்டிய ரப்பர் வளையமும் தொட்டியில் படுத்திருக்கின்றன என்று கொள்வோம். 10 மில்லிநொடியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உருளையின் நீளவாக்கில், புரொஜெக்டரின் ஒளி நேராகக் கேமராவுக்குத் திரும்பும் இடத்தில், ஒரு மெல்லிய கீற்று காணாமல் போயிருக்கும். கீற்றின் இரு ஓரங்களிலும் பரப்பு நெளிந்து நெளிந்து போகும். அதைத் தாண்டிய சரிவுகளில் புள்ளிகள் ஒழுங்காக இருக்கும். அடிப்பக்கம் வளையும் இடத்திலும் ரப்பரிலும் புள்ளிகள் சிதறியிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. இப்போது நேரத்தை 40 மில்லிநொடியாக்கினால் ரப்பர் எழுந்து வரும், கீற்றும் அகன்றுவிடும். 2.5-ஆகக் குறைத்தால் கீற்று மூடிக்கொள்ளும், மற்றவை மறைந்துவிடும். ஒரே எக்ஸ்போஷரில் இந்த இழுபறிக்குத் தீர்வில்லை.

மூன்று நேரங்களிலும் படமெடுத்து ஒன்றாக்குவதுதான் எச்.டி.ஆர். (ஹை டைனமிக் ரேஞ்ச்) முறை. 2009-இல் சாங் ஜாங், கணிதத்தில் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற ஷிங்-துங் யாவ் இருவரும் கோட்டொளிக்கு இதன் எளிய வடிவம் ஒன்றை முன்வைத்தார்கள்: ஒவ்வொரு பிக்சலுக்கும், நிரம்பாத படங்களில் எது மிகப் பிரகாசமானதோ அதை எடுத்துக்கொள். இந்த விதி இன்றைக்கும் புரிந்துகொள்ளத் தகுந்த தொடக்கப் புள்ளி.

விலை என்ன? 13 வடிவங்கள் என்றால் 2.5, 10, 40 ஆகிய மூன்றுக்கும் எக்ஸ்போஷர் நேரம் மட்டுமே ஏறத்தாழ 680 மில்லிநொடி. அதில் 520 மில்லிநொடி 40-க்கே போகிறது என்பதைக் கவனியுங்கள். குறுகிய படங்களைச் சேர்ப்பது மலிவு. நீண்ட படம்தான் நேரத்தைத் தின்கிறது. எனவே "படங்களின் எண்ணிக்கையைக் குறைப்போம்" என்று குறுகியதை நீக்குவது வீண் சிக்கனம். நீண்டதைத் தவிர்க்க முடியுமா என்றுதான் யோசிக்க வேண்டும். ரோபோ ரப்பரைப் பிடிக்கப் போவதில்லை, உலோகத்தைத்தான் பிடிக்கப் போகிறது என்றால் ரப்பர் காணாமல் போகட்டுமே.

படங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி வைப்பது? நான்கு மடங்கு என்றால், ஒன்றில் நிரம்பிய பிக்சல் அடுத்ததில் கால்வாசி நிரம்பியிருக்கும். துல்லியம் மோசமான நிலையில் பாதியாகும். பதினாறு மடங்கு வைத்தால் 10,000 எலெக்ட்ரான் 625-ஆகி, துல்லியம் கால்வாசியாகிவிடும். நான்கு மடங்கை நான் விரும்புகிறேன். எடுத்து வைக்கும் வேலைகளுக்கு எட்டு மடங்கும் சமாளிக்கும்.

2.5 மில்லிநொடி விளக்குத் துடிப்பில் மாட்டிக்கொள்ளாதா என்று கேட்கலாம். மாட்டும். ஆனால் அந்தப் படத்திலிருந்து நாம் எடுப்பது புரொஜெக்டரின் ஒளி அறை ஒளியை மூழ்கடிக்கும் பளபளப்புப் பகுதிகளை மட்டுமே, அதனால் பெரும்பாலும் பாதிப்புத் தெரியாது. தெரிந்தால், துளையை மோட்டாரால் மாற்றும் கேமராவில் நேரத்தை 10-லேயே விட்டுத் துளையை எஃப் 2.8-லிருந்து எஃப் 5.6-க்குச் சுருக்குங்கள், உள்ளே வரும் ஒளி அதே கால்வாசிதான். துளையை ஒருமுறை வைத்தபின் தொடாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு நான் ஏற்கும் விதிவிலக்கு இது ஒன்றே. அதுவும், இரண்டு துளைகளுக்கும் தயாரிப்பாளரே அளவுத்திருத்தம் தந்திருந்தால் மட்டும்.

வெள்ளையும் கறுப்பும் கலந்திருந்தாலே எச்.டி.ஆர். வேண்டும் என்பது ஒரு தவறான எண்ணம். பளபளப்பில்லாத வெள்ளைக்கும் மங்கலான கறுப்புக்கும் இடையே ஒளி வேறுபாடு ஏறக்குறைய 20 மடங்குதான். 12 பிட் சென்சார் 4,096 படிகளைப் பிரித்தறியும். வெள்ளை 10,000 எலெக்ட்ரானில் இருந்தால் கறுப்பு 500-இல் இருக்கும்; இரைச்சல் நாலரை சதவீதம். பல வேலைகளுக்கு அது போதும். எச்.டி.ஆரைக் கட்டாயமாக்குவது கறுப்பு அல்ல, கண்ணாடிபோல் திருப்பியடிக்கும் பளபளப்பு.

தானியங்கியா, கையால் வைப்பதா?

பல கேமராக்கள் நேர வரம்பைக் கொடுத்தால் அமைப்புகளைத் தாமே பரிந்துரைக்கின்றன. தொடக்கப் புள்ளியாக அவை அருமையானவை. அனுபவமுள்ளவர்களும் அங்கிருந்து தொடங்குவதில் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் தானியங்கியை ஓடவிடுவது வேறு விஷயம். தொட்டி நிறைந்திருக்கும்போது பாகங்களைப் பார்த்து ஒளியை முடிவு செய்யும் மென்பொருள், தொட்டி காலியாகும்போது மின்னும் அடித்தகட்டைப் பார்த்து ஒளியைக் குறைத்துவிடும். கடைசி நான்கு பாகங்கள் இருளில் போய்விடும். மென்பொருள் பார்த்து முடிவு செய்யும் பகுதியைப் பாகங்கள் கிடக்கும் இடத்தோடு குறுக்கினால் இது ஓரளவு அடங்கும்.

ஒரே வகைப் பாகம் என்றால் பரிந்துரையை ஒருமுறை வாங்கி, 10 மில்லிநொடியின் மடங்குக்குத் திருத்தி, கெயினை இறக்கி, உறைய வைத்துவிடுங்கள். அளவிடும் வேலைக்கு இதைத் தவிர வேறு தேர்வே இல்லை, ஏனென்றால் இன்றைய இரைச்சலும் நாளைய இரைச்சலும் ஒன்றாக இருந்தால்தான் அளவுகளை ஒப்பிட முடியும். நாள்தோறும் புதுப் புதுப் பொருள்கள் வரும் சரக்குக் கிடங்கு போன்ற இடங்களுக்குத் தானியங்கி வேண்டும். அல்லது கறுப்பு, வெள்ளை, உலோகம் என்று மூன்று தயார் அமைப்புகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. சுழற்சி நேரம் முன்கூட்டியே தெரியும்.

திருகுகளால் தீராதவை

சில கோளாறுகளை எந்த அமைப்பும் தீர்க்காது. இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றையொன்று பார்த்து நின்றால் கோடு ஒன்றிலிருந்து மற்றதில் பட்டுத் திரும்பி, இல்லாத பரப்பை உண்டாக்கும். கேமராவைச் சில பாகைகள் சாய்த்துப் பாருங்கள். தொட்டியின் சுவரிலிருந்து வரும் இரட்டை எதிரொளி பல நேரம் அதிலேயே ஒழியும். புரொஜெக்டரிலும் லென்ஸிலும் குறுக்கு வாட்டத்தில் முனைவாக்க வடிகட்டிகளை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர்களை) பொருத்தினால் பளபளப்பு அடங்கும். ஒளியில் பாதிக்கு மேல் போய்விடும் என்பதால் நேரத்தைக் கூட்ட வேண்டிவரும்.

பொருள் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் 13 வடிவங்களை வீசும் முறையே தவறான தேர்வு. நொடிக்கு 500 மில்லிமீட்டர் ஓடும் கன்வேயரில் 1 மில்லிநொடி எக்ஸ்போஷருக்குள் பொருள் அரை மில்லிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. அங்கே கன்வேயரின் நகர்வை அளக்கும் என்கோடரோடு இணைந்த லேசர் கோடு, அல்லது ஒரே ஒரு புள்ளிக்கோலத்தை வீசி ஒரே நொடிப்பொழுதில் இரண்டு கேமராக்களும் படமெடுக்கும் ஸ்டீரியோ முறை பொருந்தும். லேசரில் துளையைச் சுருக்கினால் மணல்மணலாகத் தெரியும் ஒளித்துகள்கள் பெரிதாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தூரமும் ஒரு திருகுதான். முக்கோணக் கணக்கில் பிழை தூரத்தின் வர்க்கத்தில் வளரும். 8 மில்லிமீட்டர் லென்ஸும், கேமராவுக்கும் புரொஜெக்டருக்கும் இடையே 100 மில்லிமீட்டர் தூரமும் உள்ள அமைப்பில், 3.45 மைக்ரான் பிக்சலின் பத்தில் ஒரு பங்குப் பிசகு 1 மீட்டரில் 0.43 மில்லிமீட்டர், 2 மீட்டரில் 1.7 மில்லிமீட்டர். அமைப்புகளோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவதற்கு முன் கேமராவைக் கீழே இறக்க முடியுமா என்று தாங்கியைப் பார்த்துவிடுங்கள்.

சோதிக்கும்போது நல்ல பாகத்தை நடுவில் வைத்துச் சோதிக்காதீர்கள். இருப்பதிலேயே எண்ணெய் பூசிய, அதிகம் மின்னும் பாகத்தைத் தொட்டியின் அடியில், கேமராவிலிருந்து தொலைவான மூலையில், சுவரை ஒட்டி வையுங்கள். பகல் வெளிச்சம் மிகுந்த நேரத்தில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் எடுத்து, இரண்டு புள்ளித்திரள்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். வேறுபாடு ரோபோவின் பிடிப்பான் தாங்கும் பிழை எல்லைக்குள் இருந்தால் அமைப்புக் கோப்பைத் தேதியிட்டுச் சேமித்து, லென்ஸின் பூட்டுத் திருகை இறுக்குங்கள். கூடத்தில் விளக்குகளை மாற்றும்போதும் பாகத்தின் பூச்சை மாற்றும்போதும் இதே மூலையில் இதே சோதனையை மறுபடி நடத்துங்கள்.